ஸ்மாஷ் மட்டும் போதுமா? ஆட்டத்தை மாற்றும் 'டிராப் ஷாட்'... ஷட்டில் ஆடுபவர்களுக்கு சில டிப்ஸ்!

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வெயில் தாழ்ந்தால் போதும். பள்ளி மைதானம், காலி மனை, தெருமுனை என எங்காவது ஒரு நெட் கட்டி ஷட்டில் ஆட ஆரம்பித்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் ஆசை ஸ்மாஷ் மேல்தான். ஆனால் தோள் வலு குறைவானவர், வயதில் சிறியவர், நாற்பதைத் தாண்டியவர்... இவர்கள் பலசாலியை ஜெயிக்க வேண்டுமென்றால் கற்றுக்கொள்ள வேண்டியது டிராப் ஷாட்!

மெதுவாக விழுவதில் என்ன லாபம்?

கோர்ட்டின் பின்பகுதியிலிருந்து, நெட்டைத் தாண்டியதும் விழும்படி தட்டிவிடுவதுதான் டிராப். பேட்மின்டன் கோர்ட்டின் மொத்த நீளம் 13.4 மீட்டர். பின்கோட்டில் நிற்கும் எதிராளி நெட்டுக்கு வர 6.7 மீட்டர் ஓட வேண்டும். நெட்டின் நடு உயரம் 1.524 மீட்டர். அதற்குக் கீழே இறங்கிவிட்ட காக்கை அவரால் ஓங்கி அடிக்க முடியாது. பெரும்பாலும் மேலே தூக்கித்தான் போட வேண்டும். அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. அதாவது, டிராப் உடனே பாயின்ட் தராவிட்டாலும் அடுத்த அடிக்கு வழி செய்துவிடும்.

ரகசியம் கடைசி நொடியில்!

ஸ்மாஷ் அடிக்கப்போவது போலவே நில்லுங்கள், பேட்டையும் அப்படியே ஓங்குங்கள். காக்கைத் தொடும் நேரத்தில் மட்டும் வேகத்தைக் குறையுங்கள். பாதியிலேயே கையை நிறுத்தினால், எதிராளி கண்டுபிடித்து முன்னே வந்துவிடுவார். தைவானின் தாய் ட்சு யிங் உலகப் புகழ்பெற்றதே, என்ன அடிக்கப்போகிறார் என்று எதிராளியைக் கடைசிவரை குழப்பும் இந்தத் திறமையால்தான்.

காக்கும் முக்கியம். 16 இறகுகள், சுமார் 5 கிராம் எடை கொண்ட இறகு காக் சட்டென்று வேகம் இழந்து செங்குத்தாக விழும். நைலான் காக் இன்னும் கொஞ்ச தூரம் போகும். நைலானில் பழகியவர்கள் போட்டிக்காக இறகுக்கு மாறும்போது டிராப் நெட்டிலேயே மாட்டுவது இதனால்தான். திறந்தவெளியில் காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசினால் டிராப் நீண்டுவிடும். இன்னும் மென்மையாகத் தட்டுங்கள்.

பக்கத்து ஊர் நம்பிக்கை

திண்டிவனத்திலிருந்து வந்தவாசி வழியாகப் போனால் காஞ்சிபுரம். அந்த ஊர் துளசிமதி முருகேசன், 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பேட்மின்டன் எஸ்யூ5 பிரிவில் வெள்ளி வென்றார். அரையிறுதியில் அவரிடம் தோற்ற திருவள்ளூர் மனிஷா ராமதாஸுக்கு வெண்கலம். கையில் குறைபாடு உள்ளவர்களுக்கான பிரிவு இது. ஓங்கி அடிக்கும்போது உடலைச் சாயாமல் தாங்குவது பேட் பிடிக்காத இன்னொரு கைதான் என்பது ஆடுபவர்களுக்குத் தெரியும். ஆனாலும் இந்தப் பிரிவில் கோர்ட் அளவில் சலுகை கிடையாது. முழு கோர்ட்டிலும் ஓடி ஆட வேண்டும். வலு மட்டுமே ஆட்டம் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

டென்னிஸிலும் இதே கதைதான். 1960, 1961 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போன ராமநாதன் கிருஷ்ணன், பலத்தைவிட மென்மையான 'டச்' ஆட்டத்துக்குப் பெயர் பெற்றவர். இன்று அல்கராஸ் ஓங்கி அடிப்பதற்கு நடுவே சட்டென்று டிராப் போட்டு எதிராளியைத் திணறடிக்கிறார்.

எப்போது போடக் கூடாது?

எதிராளி ஏற்கெனவே நெட் அருகே இருந்தால் வேண்டாம். நீங்கள் தடுமாறி நிற்கும்போதும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். நான்கு முறை பின்கோட்டுக்கு அனுப்பிவிட்டு, ஐந்தாவதாகப் போட்டுப் பாருங்கள்!

பயிற்சிக்குப் பெரிய வசதி தேவையில்லை. நெட்டிலிருந்து 1.98 மீட்டரில் இருக்கும் சர்வீஸ் கோட்டுக்குள் காக் விழ வேண்டும் என்று வைத்துக்கொண்டு, தினமும் 20 முறை அடித்து, எத்தனை விழுந்தது என்று எண்ணுங்கள்.

எதிராளியின் டிராப்பை எடுக்க ஓடும்போதும் கவனம். உடலைச் சூடேற்றாமல் திடீரென முன்னே பாய்ந்தால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் கிழியும் ஆபத்து உண்டு. நடுத்தர வயதினருக்கு இது அதிகம். ஆட்டத்துக்கு முன் 10 நிமிட வார்ம்-அப், வழுக்காத ஷூ... இரண்டும் கட்டாயம். ஒரு பாயின்ட் போனால் அடுத்த சர்வீஸில் எடுத்துக்கொள்ளலாம். குதிகால் போனால் மாதக்கணக்கில் உட்கார வேண்டியதுதான்!