ஆட்டக்காரனும் இல்லை, ஆட்டக்காரியும் இல்லை: எல்லாரும் "கலைஞர்"!

ஆடி மாதம் வந்தால் போதும். புளியந்தோப்பு பக்கம் அம்மன் கோவில்களில் கூழ் ஊற்றுவார்கள். மேளச் சத்தம் காதைப் பிளக்கும். ஆட்டமும் உண்டு.

ஆடுகிறவர் ஆண் என்றால் "ஆட்டக்காரன்". பெண் என்றால் "ஆட்டக்காரி". இரண்டும் ஒன்றா? இல்லை! "ஆட்டக்காரி" என்னும்போதே குரலில் ஓர் ஏளனம் ஒட்டிக்கொள்கிறது. பெண் வேடம் போடும் ஆணுக்கும், திருநங்கைக்கும் இதே கதிதான்.

பறவைப் பெயர்

அமெரிக்காவில் "காண்ட்ரா" என்று ஒரு ஜோடி ஆட்டம். "ஆண்கள் இப்படி, பெண்கள் அப்படி" என்று ஒருவர் கூவுவார், மற்றவர்கள் ஆடுவார்கள். இப்போது பல இடங்களில் "வானம்பாடி", "ராபின்" என்று பறவைப் பெயர் சொல்லிக் கூவுகிறார்கள். யாரும் எந்தப் பக்கமும் ஆடலாம்!

இங்கே...

ஆட்டத்தின் பெயர் நம்ம ஊரிலும் பிரச்சினை ஆனதுண்டு. "குறவன் - குறத்தி" ஆட்டத்துக்கு 2023-ல் தமிழக அரசு தடை போட்டது. தங்கள் சமூகத்தின் பெயரில் ஆபாச ஆட்டமா என்பதுதான் அந்த மக்களின் குமுறல்.

ஒரே எழுத்து

தமிழுக்குப் பறவை வேண்டாம். "ர்" போதும்! ஆட்டக்காரர், கலைஞர்... ஆணா, பெண்ணா என்று கேட்காது. மரியாதையும் கூடவே வரும். ஆண்களே ஆடிவந்த ஒயிலாட்டத்தில் இன்று பெண்களும் ஆடுகிறார்கள். பறையையும் தோளில் மாட்டிவிட்டார்கள்.

அடுத்த திருவிழா நோட்டீசில் எல்லார் பெயருக்கும் முன்னால் "கலைஞர்" என்று போடலாமே! அதற்கு அச்சகத்தில் கூடுதல் காசா கேட்கப் போகிறார்கள்?