'எம்' என்றால் எத்தனை சென்டிமீட்டர்?

உங்களுக்குத் தெரியுமா? எஸ், எம், எல், எக்ஸ்எல் என்ற எழுத்துகளுக்கு உலகம் முழுவதும் பொருந்துகிற சென்டிமீட்டர் கணக்கு எதுவும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு நடுத்தர அளவில் மாதிரி உடை தைத்து, தனக்குப் பிடித்த ஓர் ஆளுக்கு அதை அணிவித்துச் சரிபார்க்கிறது. அந்த ஆளுக்குப் பொருந்தியது 'எம்'. அதிலிருந்து கூட்டியும் குறைத்தும் மற்ற அளவுகள் பிறக்கின்றன. இரண்டு நிறுவனங்கள் தேர்ந்தெடுத்த ஆட்களின் தோளும் இடுப்பும் வேறாக இருந்தால், இரண்டு 'எம்' சட்டைகளும் வேறாகத்தான் இருக்கும். உங்கள் உடம்பில் குறை எதுவும் இல்லை.

எண்ணிலும் இந்தச் சிக்கல் உண்டு. 40 என்று போட்ட ஆண்கள் சட்டை என்ன அளவு? டி-ஷர்ட்டிலும் சாதாரணச் சட்டையிலும் 40 என்பது பெரும்பாலும் மார்புச் சுற்றளவு, அங்குலத்தில். அலுவலகத்துக்கு அணியும் ஃபார்மல் சட்டையில் பல இந்திய பிராண்டுகள் போடும் 40 காலர் அளவு, அதுவும் சென்டிமீட்டரில். வரிசையில் 39 என்ற எண்ணும் இருந்தால் அது காலர் அளவு என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். மார்பளவு வரிசை 38, 40, 42 என்று இரண்டிரண்டாகத்தான் ஏறும்.

அறுபது ஆண்டுகளில் 'எட்டு' எங்கே போனது? 1958-இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அலுவலகம் பெண்கள் உடைக்கு ஓர் அளவுத் தரம் வெளியிட்டது. அதில் 8-ஆம் அளவு என்றால் மார்பு 31 அங்குலம், இடுப்பு இருபத்து மூன்றரை அங்குலம். இன்று அதே நாட்டுக் கடையில் 8 என்று எழுதிய உடையை எடுத்தால், அன்றைய 8-ஆம் அளவுப் பெண்மணி அதற்குள் காணாமல் போய்விடுவார். பெரிய உடையில் சிறிய எண்ணை ஒட்டினால் வாங்குகிறவர் மனம் குளிரும், அந்தக் கடைக்கே திரும்பி வருவார் என்ற வியாபாரக் கணக்குதான் காரணம். 1970-களில் அந்தத் தரம் விருப்பப்பட்டால் பின்பற்றலாம் என்று தளர்த்தப்பட்டது, 1983-இல் முழுதாகத் திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகு எண்ணைப் பிடித்து வைக்க அங்கே ஆள் இல்லை.

ஆண்களும் தப்பவில்லை. 2010-இல் எஸ்குயர் இதழுக்காக ஒருவர் பல கடைகளில் 36 அங்குல இடுப்பு என்று எழுதிய கால்சட்டைகளை எடுத்து நாடா வைத்து அளந்தார். எதுவும் 36 இல்லை. ஒன்று 37, இன்னொன்று 41. அங்குலம் என்று வெளிப்படையாக எழுதிவிட்டு ஐந்து அங்குலம் கூட்டித் தைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

அந்த 1958 தரம் யாரால் வந்தது? தபால் வியாபாரிகளால்! ஆன்லைனுக்கு முன்னோடி தபால் வழிக் கடைதான். படப் புத்தகம் பார்த்துக் கடிதம் போட்டு வாங்கியவர்கள், உடை பொருந்தாமல் திருப்பி அனுப்பினார்கள். நஷ்டம் தாங்காமல் அமெரிக்கத் தபால் வியாபாரிகள் சங்கம் 1940-களின் பிற்பகுதியில் அரசின் தர நிர்ணய அலுவலகத்தை நாடியது.

கையில் இருந்த தரவு 1939-40-இல் அந்நாட்டு வேளாண்மைத் துறை எடுத்தது. ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் என்ற இருவர் தலைமையில் ஏறத்தாழ 15,000 பெண்களிடம், ஆளுக்கு 59 அளவுகள் வீதம் எடுத்திருந்தார்கள். பெரிய உழைப்புதான். ஆனால் வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அளக்க வருகிறவர்களுக்குச் சிறு தொகை கொடுத்ததால், பொருளாதார நெருக்கடிக் காலத்தில் அந்தக் காசு தேவைப்பட்ட பெண்களே அதிகம் வந்தார்கள். யாரை அளந்தார்களோ அவர்களுக்குத்தான் அளவு பொருந்தும். யாரை விட்டார்களோ அவர்கள் காலமெல்லாம் ஆல்டர் கடைக்கு நடக்க வேண்டியதுதான்.

ஸ்பெயினில் பெண்களின் உடல்வாகு மூன்று. அந்நாட்டு சுகாதார அமைச்சகம் 2007-08-இல் 12 முதல் 70 வயது வரையுள்ள 10,415 பெண்களை லேசர் அறைக்குள் நிற்கவைத்து அளந்தது. உருளை, மணி, உடுக்கை என்று மூன்று வடிவங்கள் கிடைத்தன. ஒரே உயரம், ஒரே எடை கொண்ட இரண்டு பெண்களில் ஒருவர் மணி வடிவம், மற்றவர் உருளை வடிவம் என்றால் ஒரே குர்தி இருவருக்கும் எப்படிப் பொருந்தும்? எடையை மட்டும் கேட்டு அளவு சொல்லும் செயலிகளை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

அர்ஜென்டினாவில் சட்டமே இருக்கிறது. நாட்டு மக்களை அளந்து, அதன்படி ஒரே சீரான உடை அளவு முறை வேண்டும் என்று 2019-இல் சட்டம் இயற்றினார்கள்.

நம் நாட்டில்? இந்தியர்களுக்கான அளவு அட்டவணை இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. நம் கடைகளில் தொங்குவதில் பெரும்பகுதி பிரிட்டன், அமெரிக்க அளவுகளைக் கொஞ்சம் வெட்டி ஒட்டியது. இதைச் சரிசெய்ய ஜவுளி அமைச்சகமும் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட்டும் 'இந்தியா சைஸ்' திட்டத்தைக் கையில் எடுத்தன. 15 முதல் 65 வயது வரை, ஆறு பகுதிகளில், 25,000-க்கும் மேற்பட்டவர்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளப்பது நோக்கம். வடகிழக்கு மக்களின் உடல்வாகும் தென்கோடி மக்களின் உடல்வாகும் ஒரே கணக்கில் அடங்காது என்பதை ஒப்புக்கொண்டு தொடங்கிய திட்டம் என்பதால் எனக்கு இதில் நிறைய நம்பிக்கை.

செருப்பு விஷயத்தில் சென்னை முந்திக்கொண்டது. அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதம் அகலமானது என்பது தெளிவானது. அகலம் போதாமல் நாம் ஓர் அளவு பெரிய ஷூ வாங்குகிறோம், பிறகு நீளம் அதிகமாகிக் குதிகால் வழுக்குகிறது. இதற்கு மாற்றாக அந்நிறுவனம் 'பா' என்ற இந்திய அளவு முறையைப் பரிந்துரைத்திருக்கிறது. பாரதத்தின் முதல் எழுத்து.

இப்போது நாம் சொல்லும் 7, 8, 9 இங்கிலாந்துக் கணக்கு. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே மூன்றில் ஒரு அங்குலம், அதாவது ஒரு வாற்கோதுமை மணியின் நீளம்! ஐரோப்பிய 41, 42 வேறு கணக்கு, படிக்கு மூன்றில் இரண்டு சென்டிமீட்டர். ஆன்லைனில் ஷூ வாங்கும்போது இந்த இரண்டையும் விட்டுவிட்டு, தாளில் பாதத்தை வரைந்து, குதிகாலிலிருந்து நீண்ட விரல் நுனி வரை எத்தனை சென்டிமீட்டர் என்று பாருங்கள். மாலையில் அளப்பது நல்லது. நாள் முழுக்க நின்று நடந்த பாதம் காலையில் இருந்ததைவிடச் சற்றுப் பருத்திருக்கும்.

ஒரே பிராண்டு, ஒரே 'எம்', ஆனாலும் இரண்டு அளவு. எப்படி? பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது அன்றாடச் செய்தி. ஒவ்வொரு ஆர்டரோடும் ஓர் அளவுப் பட்டியல் வரும். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் 'டாலரன்ஸ்' என்று கொஞ்சம் கூடுதல் குறைச்சலுக்கு அனுமதி இருக்கும். உதாரணமாக 'எம்' டி-ஷர்ட்டின் மார்புச் சுற்று 100 சென்டிமீட்டர், 'எல்' 105, அனுமதி இரண்டு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 102 வந்த 'எம்' பாஸ். 103 வந்த 'எல்'லும் பாஸ். இரண்டுக்கும் இடையே மிஞ்சுவது ஒரே சென்டிமீட்டர்.

இந்தக் கூடுதல் குறைச்சல் எங்கிருந்து வருகிறது? பின்னலாடைத் துணி சுருளிலிருந்து பிரித்ததும் மெல்லச் சுருங்கும். அதை ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஏற்றுமதித் தேதி நெருங்கினால் அந்த ஓய்வு நேரத்தில்தான் கை வைப்பார்கள். அடுத்தது வெட்டு. பல அடுக்குத் துணியை ஒன்றாகப் போட்டு நிமிர்ந்த கத்தியால் வெட்டும்போது, வளைவுகளில் கத்தி சற்றுச் சாய்ந்தால் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் ஒன்றுபோல் இருக்காது. பிறகு தையல். ஓவர்லாக் மெஷினில் ஒரு நூல் அளவு உள்ளே பிடித்தாலும் நான்கு தையலில் அது கூடிவிடும். இதையெல்லாம் தாண்டி இவ்வளவு துல்லியமாக ஆடை வருகிறதே என்று அந்தத் தொழிலாளர்களின் கைகளை மெச்சத்தான் தோன்றுகிறது.

ஜீன்ஸ் தைத்த பிறகுதான் சலவைக்குப் போகிறது. வெவ்வேறு சலவையில் துணி வெவ்வேறு அளவு சுருங்கும். அதனால் ஒரே மாடல், ஒரே எண் என்றாலும் வெளிர் நீலம் பொருந்தி, கறுப்பு இறுக்கலாம். நிறம் மாற்றி வாங்கினாலும் அளவை மறுபடி பாருங்கள்.

குழப்பமே இல்லாத உடைகளும் நம் வீட்டில் உண்டு. ஆண்கள் பனியனில் 80, 85, 90 என்று இருப்பது மார்புச் சுற்றளவு, சென்டிமீட்டரில். வேட்டி நான்கு முழம், எட்டு முழம். ஆன்லைனில் எட்டு முழ வேட்டிக்கு 3.60 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். புடவைக்கு 6.30 மீட்டர் என்றிருந்தால், ஐந்தரை மீட்டர் புடவை, மீதி 80 சென்டிமீட்டர் ஜாக்கெட் துணி. எழுத்துக்குப் பதில் நீளத்தையே பெயராகச் சொல்லிவிட்டதால் இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

அட்டவணையில் இருப்பது யாருடைய அளவு? இணையக் கடையின் அளவு அட்டவணையில் 'மார்பு 100' என்றிருந்தால் அது உங்கள் உடம்பின் அளவா, உடையின் அளவா? இதைக் கவனிக்காமல்தான் பாதிப் பேர் தவறான அளவை அழுத்துகிறார்கள் என்பது என் எண்ணம். மூச்சு விட, கை தூக்க, உட்கார உடையில் தளர்வு வேண்டும். உடம்பு 100 என்றால் சட்டை 108, 110 இருந்தால்தான் வசதி. லெக்கின்ஸ் நேர் எதிர். இழுபடும் துணி என்பதால் உடம்பைவிடக் குறைவாகவே தைப்பார்கள். அதனால் அட்டவணையின் தலைப்பை முதலில் படியுங்கள். தலைப்பில் எதுவும் சொல்லவில்லை என்றால், கேள்வி பதில் பகுதியில் விற்பவரிடமே கேளுங்கள்.

ஒரு சூட் போட்டால் அளவு தெரிந்துவிடுமா? ஜப்பானின் ஸோஸோ நிறுவனம் 2018-இல் உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை ஒன்றைப் பலருக்கு இலவசமாக அனுப்பியது. அதில் நூற்றுக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள். அதை அணிந்து கைப்பேசி முன் நின்று, கடிகார முள் போல ஒவ்வொரு மணிக்கும் திரும்பினால், 12 படங்களில் உடலளவு கணக்காகிவிடும். அளப்பது நடந்தது. அந்த அளவுக்குத் தைத்து உரிய நேரத்தில் அனுப்புவதுதான் நடக்கவில்லை. இலவச விநியோகத்தைக் கொஞ்ச நாளிலேயே சுருக்கிக்கொண்டார்கள்.

இப்போது பெரிய தளங்கள் வேறு வழியில் போகின்றன. உங்களைப் போன்ற உயரமும் உடல்வாகும் கொண்டவர்கள் எந்த அளவை வைத்துக்கொண்டார்கள், எதைத் திருப்பினார்கள் என்று பார்த்துப் பரிந்துரை சொல்கின்றன. இது வேலை செய்ய வேண்டுமானால் திருப்பும்போது நாம் காரணத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். தோள் இறுக்கமாக இருந்ததைச் சோம்பலில் 'நிறம் பிடிக்கவில்லை' என்று அழுத்தினால், அடுத்து வாங்குகிறவருக்கும் அதே தோள்தான் இறுக்கும்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி நம் தையற்கடையில் இருக்கிறது. புது ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது கூடவே ஓர் 'அளவு ஜாக்கெட்' கொடுப்போம் இல்லையா? உடம்பை அளப்பதைவிட, உடம்பு ஏற்றுக்கொண்ட உடையை அளப்பது துல்லியம் என்பது டெய்லர்கள் கண்ட உண்மை. அதையே ஆன்லைனுக்கும் செய்யுங்கள்.

உங்களுக்கு மிக நன்றாகப் பொருந்துகிற, பல முறை துவைத்த ஒரு சட்டை அல்லது குர்தியை எடுங்கள். பொத்தான் போட்டு, சுருக்கமில்லாமல் மேசையில் விரியுங்கள். ஒரு அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் மார்புச் சுற்று. தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை தோள். கழுத்தோரத் தோள் முனையிலிருந்து கீழ் விளிம்பு வரை உயரம். தோள் தையலிலிருந்து கை நுனி வரை கை உயரம். கால்சட்டை என்றால் இடுப்புப் பட்டையை அளந்து இரண்டால் பெருக்குங்கள், தொடைச் சந்தியிலிருந்து கீழ் விளிம்பு வரை உள்கால் நீளம். இவற்றைக் கைப்பேசியில் சென்டிமீட்டரில் குறித்து வையுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பு இருந்தால், பிள்ளைகள் வெளியூரிலிருந்து அப்பாவுக்குச் சட்டை அனுப்பும்போது அது கைகொடுக்கும். பிறகு தளத்தில் 'உடையின் அளவு' அட்டவணையோடு ஒப்பிட்டால் போதும், எழுத்தைப் பார்க்கவே வேண்டாம்.

இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் தோளை வைத்து முடிவு செய்யுங்கள். பக்கத் தையலைப் பிடிப்பது எந்த டெய்லருக்கும் எளிது, தோளை மாற்றுவது சிரமம். ரெடிமேட் சுடிதாரில் உள்ளே கொஞ்சம் துணி விட்டிருந்தால் பிரித்துக்கொள்ளலாம், ஓவர்லாக் அடித்த டி-ஷர்ட்டில் அதற்கு வழியே இல்லை. பருத்திப் பின்னலாடை ஐந்து சதவீதம் வரை சுருங்கலாம். 70 சென்டிமீட்டர் உயரத்தில் அது மூன்றரை சென்டிமீட்டர்.

குழந்தை உடைக்கு வயதைப் பார்க்காதீர்கள். ஐரோப்பாவில் 104, 110, 116 என்று ஆறாறாக ஏறும் எண்கள் குழந்தையின் உயரம், சென்டிமீட்டரில். '5-6 வயது' என்பதைவிட இது எவ்வளவோ நேர்மையான எண். உயரம் போட்டிருக்கும் பிராண்டையே தேடுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம். கடைகளில் பிரித்துத் தொங்கவிட்டு விற்கும் ஆயத்த ஆடைகளில் எஸ், எம், எல் எழுத்தோடு சென்டிமீட்டர் அல்லது மீட்டர் அளவும் இருக்க வேண்டும் என்று 2022-இல் சட்டமுறை எடையளவு விதிகள் சொல்லிவிட்டன. 2020-இன் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது. ஆகவே வாங்கும்போதே அளவு அட்டவணையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வந்த உடையை நாடா வைத்துப் படம் பிடியுங்கள். அட்டவணையில் 100, நாடாவில் 92 என்றால் அது உங்கள் ரசனைப் பிரச்சினை இல்லை, சொன்னதற்கு மாறான பொருள். விற்பவர் செவிசாய்க்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.