பிள்ளை தவறினால் பாதை மூடிவிடுமா?



சீனன்குடாவில் மா ஆலை இருக்கிறது, எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் வேலை தேடிப்போன நம்ம பையன் ஒருவன், கூடாத சேர்க்கையால் திருட்டு வழக்கில் மாட்டிக்கொண்டான் என்று வையுங்கள். "மானம் போச்சு" என்று நாம் கைகழுவி விடுகிறோம். அது அவன் செய்ததைவிடப் பெரிய தவறு.

சட்டம் கைகழுவுவதில்லை. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்தது குற்றமே ஆகாது. அதற்கு மேற்பட்ட சிறுவனையும் நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் நீதவான் வீட்டுக்கே அனுப்பலாம்.

ஆனால் உத்தியோகத்தர் ஒருவரால் மட்டும் முடியாது. படிப்புக்குப் பாடசாலை அதிபர், தொழில் படிக்கத் தொழிற்பயிற்சி அதிகார சபை, வேலை பழக நைட்டா, சேர்த்துக்கொள்ள ஒரு பட்டறை முதலாளி என்று நாலு கையும் சேர வேண்டும். வெல்டிங்கோ மோட்டார் மெக்கானிக்கோ படித்து என்.வி.கியூ. சான்றிதழ் எடுத்தால், வேலை கேட்கப் போகும் இடத்தில் அவன் கையில் காட்ட ஒன்று இருக்கும்.

ஐந்தாவது கை நம்முடையது. வழக்குத் தவணைக்கு அவனோடு போங்கள். பிறப்புச் சான்றிதழையும் பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் எடுத்துவையுங்கள். உத்தியோகத்தர் லயத்துக்கு வந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவருடைய அறிக்கையை நீதவான் பார்ப்பார்.

கவ்வாத்து வெட்டின செடி செத்தா போகிறது? பராமரித்தால் கொழுந்து விடும்.