கட்டை விரலுக்குள் ஒரு "நெத்திலி"!
எலும்பை எடுத்துவிட்டு, தசைநாரைச் சுருட்டி வைக்கும் ஆபரேஷன்

பூட்டில் சாவியைத் திருப்பினால் கட்டை விரலின் அடியில் "சுருக்"! ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. பேனா பிடித்து நாலு வரி எழுதுவதற்குள் உயிர் போகிறது.

"வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று தைலம் தேய்த்தே காலம் தள்ளுகிறவர்கள் ஏராளம். 50 வயதைத் தாண்டிய பெண்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

ஒரு கிலோ 12 கிலோ ஆகிறது!

கட்டை விரலும் மணிக்கட்டும் சேரும் இடத்தில் கொட்டைப்பாக்கு போல ஒரு சின்ன எலும்பு. விரல் சுழல்வது இதன் மேல்தான். விரல் நுனியால் ஒரு கிலோ அழுத்தம் கொடுத்துப் பிடித்தால், இந்த மூட்டில் விழும் அழுத்தம் சுமார் 12 கிலோ! 1977-ல் அமெரிக்க டாக்டர்கள் போட்ட கணக்கு இது.

மூட்டை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால் எலும்பும் எலும்பும் உரசும். முதலில் விரலுக்குப் பட்டை, வலி மாத்திரை, ஊசி. எதற்கும் கேட்காவிட்டால்தான் கத்தி.

அந்தச் சின்ன எலும்பை அப்படியே எடுத்துவிடுகிறார்கள். பள்ளத்தை நிரப்ப நோயாளியின் சொந்தத் தசைநார்! தசையை எலும்போடு கட்டும் கயிறு இது. ஜனங்கள் இதையும் "நரம்பு" என்கிறார்கள். அது வேறு, இது வேறு.

மணிக்கட்டில் ஓடும் தசைநாரில் பாதியைக் கீற்றாக உரிக்கிறார்கள். கட்டை விரல் எலும்பில் துளை போட்டு, அதற்குள் நுழைத்து இழுத்துக் கட்டுகிறார்கள். மிச்சத்தைச் சுருட்டிப் பள்ளத்தில் திணிக்கிறார்கள். இந்தச் சுருளுக்கு அமெரிக்க டாக்டர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? நெத்திலி மீன்!

கட்டை விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து, மணிக்கட்டை மடக்கிப் பாருங்கள். நடுவில் கயிறு போலப் புடைக்கிறதா? சில டாக்டர்கள் அதை எடுக்கிறார்கள். சிலருக்குப் பிறவியிலேயே அது கிடையாது. அதனால் கைக்கு ஒரு குறையும் இல்லை.

டாக்டர்களுக்குள் இரண்டு கட்சி

இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகர டாக்டர்கள் 162 பெண்களின் 183 கட்டை விரல்களில் ஆபரேஷன் செய்து, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்கு எலும்பை மட்டும் எடுத்தார்கள். சிலருக்குத் தசைநாரைச் சுருட்டி வைத்தார்கள். சிலருக்கு இழுத்தும் கட்டினார்கள். ஒரு வருஷம் கழித்து வலியிலும் பிடியிலும் பெரிய வித்தியாசம் இல்லை!

அப்படியானால் தசைநார் எதற்கு? விரல் உள்ளே இறங்காமல் தாங்கும் என்பது ஒரு கட்சி. நேரமும் தழும்பும்தான் மிச்சம் என்பது இன்னொரு கட்சி. "எனக்கு எது, ஏன்?" என்று கையெழுத்துப் போடுமுன் கேட்டுவிட வேண்டும்.

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. 1971-ல் டாக்டர் வெங்கடசாமி தொடங்கியது.

கட்டு 4 முதல் 6 வாரம். பிடி முழுசாகத் திரும்ப ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். வலது கை என்றால் அதுவரை கடைக் கல்லாவில் யார் உட்காருவது என்று வீட்டில் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். முதல் சில வாரம் சட்டைப் பொத்தான் போடக்கூட ஆள் வேண்டும்!