திராட்சைப் பந்தலும் கார்மேகமும்

வானத்தைப் பார்த்துக் கலங்குவது மண்ணரைப் பகுதி வாசகர்களுக்குப் புதிதன்று. சலவை செய்த பனியன் துணியைத் திறந்த களத்தில் விரித்து உலர்த்திய நாட்களில், ஒரு கருமேகம் எழுந்தால் போதும். பட்டறையில் இருந்தோர் அனைவரும் களத்திற்கு ஓடுவர். ஆயினும் நனைந்த துணியை மறுநாள் வெயிலில் போட்டுக்கொள்ளலாம். கனிந்து நிற்கும் திராட்சை நனைந்தால் அதற்கு மறுநாள் இல்லை.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் உழவர்கள் ஆண்டுதோறும் படும் பாடு இது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைந்த இராயப்பன்பட்டி முதலிய ஊர்களில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை திராட்சைப் பந்தல்களைக் காணலாம். இங்கு விளையும் பன்னீர் திராட்சை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இவ்வினத்தை 1832-இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்பர். பழமாக உண்பதற்கேயன்றி, இரசம் வடிப்பதற்கும் இது ஏற்றது.

அறுவடைக்கான ஆயத்தம் பழம் சிவக்கும்போது தொடங்குவதன்று. ஏறத்தாழ நான்கு மாதங்களுக்கு முன்பே, கொடியைக் கவாத்து செய்யும் நாளில் தொடங்கிவிடுகிறது. மார்கழி, தை மாதங்களில் கவாத்து செய்தால் சித்திரை வாக்கில் பழம். வைகாசி, ஆனியில் செய்தால் ஆவணி, புரட்டாசியில் பழம். ஆகவே கத்தரியைக் கையில் எடுக்கும்போதே உழவர் நான்கு மாதத்திற்கு அப்பாலுள்ள வானத்தைக் கணித்தாக வேண்டும். கோடை மழை முந்தினாலும், வடகிழக்குப் பருவமழை முந்தினாலும் கணக்குத் தவறிப்போகும். இடையில் தூறல் விழுந்து இலை ஈரமாகவே இருந்தால் அடிச்சாம்பல் நோய் பரவும். அதற்குப் போர்டோ கலவை தெளிக்க வேண்டும். தெளித்தபின் மழை பெய்தால் மறுபடியும் தெளிப்பு, மறுபடியும் செலவு.

பழம் முதிர்ந்ததும், பறிப்பதற்கு ஒரு வாரம் முன்பாகவே நீர் பாய்ச்சுவதை நிறுத்துவர், இனிப்பு ஏறுவதற்காக. இவ்வளவு பக்குவமாக வேரைக் காயவிட்ட நேரத்தில் பெருமழை கொட்டினால், வேர் நீரை உறிஞ்ச, பழம் பருத்து, தோல் வெடிக்கிறது. வெடிப்பில் பூஞ்சணம் பிடிக்கிறது. இன்றே அறுக்கலாமா, இன்னும் நான்கு நாள் இனிப்புக்குக் காத்திருக்கலாமா? முன்னதில் விலை குறையும். பின்னதில் விளைச்சலே போகலாம்.

இந்த நான்கு நாளின் அருமையை இரசம் வடிப்போர் நன்கு அறிவர். ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால்தான் இரசத்தில் மதுச்சத்து நூற்றுக்கு ஒரு பங்கு ஏறும். பத்துப் பங்கு வேண்டுமானால் லிட்டருக்கு 170 கிராம் இனிப்பு பழத்திலேயே இருத்தல் வேண்டும். கிறிஸ்துமஸுக்கு நம் இல்லங்களில் செய்யும் இரசத்தில் குறைந்த இனிப்பைச் சீனியால் ஈடுகட்டுகிறோம். திருப்பலி இரசத்தில் அது இயலாது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 924-ஆம் விதி, இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயல்பாகப் பெறப்பட்டதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பிற பொருள் கலத்தலாகாது என்பதை 2004-இல் உரோமை வெளியிட்ட ஒழுங்குமுறை வலியுறுத்துகிறது. மதுச்சத்து குறைந்த இரசம் எளிதில் புளித்துக் காடியாகும். காடியானது பலிபீடத்திற்கு உதவாது. பீடத்தில் வைக்கப்படும் கிண்ணத்தின் பின்னே, மழைக்கும் இனிப்புக்கும் இடையே தவித்த ஓர் உழவரின் முடிவு இருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்!

மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமையும் இங்கே நினைவுக்கு வருகிறது. விடியற்காலையில் ஆள் அமர்த்திய தோட்டத் தலைவர், பொழுது சாயும் பதினோராம் மணி வேளையிலும் ஏன் சந்தைவெளிக்குப் போனார்? மறையுரைகளில் நாம் பெரும்பாலும் கூலியைப் பற்றியே கேட்கிறோம். பாலஸ்தீன நாட்டிலும் திராட்சை அறுவடை முடியும் தறுவாயில் முதல் மழை நெருங்கிவிடும். ஒரு மணி நேரத்திற்கேனும் ஒரு கை கூடுதலாகக் கிடைத்தால் அத்தனைக் கொத்துகள் தப்பும். அந்தத் தலைவரின் அவசரத்தைக் கம்பத்து உழவருக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

இங்கும் மேகம் திரண்டால் விடியுமுன்னே ஆள் தேடுகிறார்கள். வெயில் ஏறுமுன் கொத்துகளைக் காம்போடு நறுக்கி, வெடித்த பழங்களைக் கத்தரித்து நீக்கிப் பெட்டிகளில் அடுக்குகின்றனர். மழைச்செய்தி வந்த நாளில் வியாபாரி கேட்கும் விலையும் இறங்கிவிடுகிறது. அறுத்து முடித்ததும் கொடிக்கு ஓய்வு கொடுத்து, தொழுவுரம் இட்டு, அடுத்த கவாத்துக்கு எந்த வாரம் தகும் என்று குடும்பத்தார் கூடிப் பேசத் தொடங்குகின்றனர்.