நுணல் யாரால் கெடுகிறது?

தன் வாயால் கெடும் என்று பழமொழியிலே பழி சுமக்கும் நுணல் எது? கோடையெல்லாம் மண்ணுக்குள் புதைந்து கிடந்து, மழை இறங்கியதும் மேலே வந்து குரல் கொடுக்கும் தவளைதான் அது. குரல் வந்த திக்கைத் தோண்டினால் அகப்பட்டுக் கொள்ளும், ஆகவே பழி!

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மலைக்காட்டில் சாலமாண்டர் என்றொரு சிற்றுயிர் உண்டு. நுரையீரல் கிடையாது, ஈரத் தோலால் மூச்சு விடுகிறது. மரநிழல் போனால் மூச்சும் போகும். ஆகவே 1989-இல் அந்நாட்டு அரசு அதைச் சட்டத்தின் காவலில் வைத்தது. தமிழகத்தில் சாலமாண்டர் இல்லை. ஆனால் நம் நுணலுக்கும் ஈரமே வாழ்வு.

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் அந்த ஈரத்தைக் காத்தவை எவை? ஏரிக்கரைகளும் ஐயனார் தோப்புகளும்! மரக்காணத்தை அடுத்த கீழ்ப்புத்துப்பட்டுத் தோப்பைப் பாருங்கள். வீரையும் காசானும் அடர்ந்த, பசுமை மாறாத கடலோரக் காடு. காலடியில் சருகு மெத்தை, அதனடியில் குளிர்ந்த மண்.

கிளையை ஒடித்தால் ஐயனார் தண்டிப்பார் என்ற அச்சமே இத்தகைய தோப்புகளைக் காத்தது. அச்சம் அகல வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது அகன்ற இடத்தில் அறிவு அமர்ந்ததா? பல ஊர்களில் கோடரியல்லவா அமர்ந்தது! தோப்பு சவுக்கு வயலாகிறது. உறங்கும் நுணலோடு செம்மண் லாரியில் ஏறுகிறது. மழை இரவில் ஏரி தேடி வரும் தவளை நாற்கரச் சாலையில் நசுங்குகிறது.

தவளைதானே என்று எண்ணாதீர், தோழர்களே! பயிர் தின்னும் பூச்சியைக் கூலியின்றித் தின்பது அது. டாலருக்காகத் தவளைக் காலை வெட்டி ஏற்றுமதி செய்த நாடு, 1987-இல் அவ்வணிகத்தைத் தடை செய்தது.

கழுவேலி 2021-இல் பறவைகள் சரணாலயமாயிற்று; 2024-இல் ராம்சார் தலமாயிற்று. மகிழ்கிறோம். சிறகுள்ளவைக்குக் கிடைத்த நீதி, மண்ணில் கிடப்பவைக்கு வேண்டாமா? திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டிக் கோயில் தோப்பு 2025-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதே சட்டம் விழுப்புரத்துக்கும் உண்டு. ஊராட்சிகள் தத்தம் தோப்புகளைக் கணக்கெடுத்துத் தீர்மானம் அனுப்பட்டும்! ஏரியோரம் மண் அள்ள அனுமதி தருமுன் அதிகாரிகள் அடிமண்ணில் உறங்கும் உயிரையும் எண்ணட்டும்! புதிய சாலைகளில் தவளை கடக்கச் சிறு மதகுகள் அமையட்டும்!

நுணல் தன் வாயால் கெடவில்லை. நம் கையால் கெடுகிறது. அந்தக் கை காக்கவும் வல்லது!