விடை தெரிந்தவர் கேட்டால்...

நம் செயலாராய்ச்சி அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. முன் தேர்வு, புதிய உத்தி, பின் தேர்வு. பின் தேர்வில் மதிப்பெண் கூடியிருக்கும். உத்தி பயனளித்தது என்று முடித்துவிடுவோம். உத்தியை வகுத்தவர், கற்பித்தவர், வினாத்தாள் தயாரித்தவர், திருத்தியவர் எல்லாம் ஒருவரே. இவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குதிரைதான் நினைவுக்கு வருகிறது.

1900களின் தொடக்கத்தில் பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஹான்ஸ் என்ற குதிரைக்குப் பாடம் நடத்தினார். கூட்டல், பின்னம், நாள்காட்டி என எதைக் கேட்டாலும் அது குளம்பால் தரையைத் தட்டி விடை சொல்லும். வேடிக்கை பார்க்க அவர் காசு வாங்கவில்லை. 1904இல் ஒரு குழு ஆராய்ந்து, ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்றே கூறியது.

உளவியலாளர் கார்ல் ஸ்டம்ஃபின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அதோடு விடவில்லை. ஓர் எண்ணை ஃபான் ஓஸ்டன் குதிரையின் காதில் சொல்வார். இன்னோர் எண்ணை ஃபுங்ஸ்ட் சொல்வார். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. கூட்டுத்தொகை இருவருக்குமே தெரியாத அந்த நிலையில் ஹான்ஸுக்கும் தெரியவில்லை! கேட்பவர் குளம்பைப் பார்க்கச் சற்றே குனிகிறார். சரியான எண் வந்ததும் தம்மை அறியாமல் தலையை மிக இலேசாக நிமிர்த்துகிறார். குதிரை படித்தது அந்த அசைவைத்தான். இதைக் கண்டுபிடித்த பிறகும் ஃபுங்ஸ்டால் தம் தலையசைவை எளிதில் அடக்க முடியவில்லை. நேர்மையாக இருந்தால் போதும், சார்பு வராது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ரோசன்தால் 1963இல் கெர்மிட் ஃபோடுடன் வெளியிட்ட ஆய்வில் இதையே மாணவர்களிடம் சோதித்தார். ஒரே வகை எலிகளைக் கொடுத்து, பாதிப் பேரிடம் ‘உங்கள் எலிகள் புத்திசாலி வம்சம்’ என்றும், மீதிப் பேரிடம் ‘மந்தமானவை’ என்றும் சொன்னார். புத்திசாலி என்று பெயர் பெற்ற எலிகளே நன்றாகக் கற்றதாகப் பதிவாகியது. அவற்றை வைத்திருந்தவர்கள் கூடுதல் பரிவோடு கையாண்டதாகவும் சொன்னார்கள்.

அடுத்து அவர் பள்ளிக்கு வந்தார். கலிஃபோர்னியாவின் ஒரு தொடக்கப் பள்ளியில், அதன் முதல்வர் லெனோர் ஜேக்கப்சனுடன் சேர்ந்து, சுமார் 20 விழுக்காடு குழந்தைகளைக் குலுக்கல் போலத் தேர்ந்து, ‘இந்த ஆண்டு இவர்கள் நன்கு வளர்வார்கள் என்று தேர்வு காட்டுகிறது’ என ஆசிரியர்களிடம் கூறினார். ஆண்டு முடிவில் முதல் வகுப்பில் அக்குழந்தைகளின் நுண்ணறிவு ஈவு மற்றவர்களைவிட ஏறத்தாழ 15 புள்ளி கூடுதலாக உயர்ந்திருந்தது. 1968இல் நூலாக வெளிவந்த இந்த ஆய்வைப் பி.எட். வகுப்பில் நாம் எல்லோரும் கேட்டிருப்போம்.

நமக்கு யாரும் அழுத்திச் சொல்லாதவை வேறு. மூன்றாம் வகுப்பு முதல் மேலே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பயன்படுத்திய தேர்வு சின்னக் குழந்தைகளுக்குப் பொருந்துமா என்று ராபர்ட் தார்ன்டைக் அப்போதே கடுமையாகக் கேட்டார். தேர்வை நடத்தியவர்களும் அதே வகுப்பாசிரியர்கள்தாம்! எதிர்பார்ப்பு ஆய்வையே எதிர்பார்ப்பு தொட வழி இருந்தது. 1984இல் ஸ்டீஃபன் ராடன்புஷ் இத்தகைய 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். குழந்தைகளோடு இரண்டு வாரத்துக்கு மேல் பழகிய ஆசிரியர்களிடம் பொய்த் தகவல் ஏறத்தாழ எடுபடவில்லை. அப்படியானால் ஜூன் மாத முதல் நாட்களில், ‘இவன் தேற மாட்டான் சார்’ என்று பழைய வகுப்பாசிரியர் நம் காதில் போடும் சொல்தான் அதிகம் வேலை செய்யும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் அறிக்கைகளுக்குத் திரும்புவோம். பொதுத்தேர்வில் முகப்புத் தாளைப் பிரித்துவிட்டுத் திருத்துவது மறைப்பு முறைதான். அதையே வகுப்பறையிலும் செய்யலாம். பெயருக்குப் பதில் எண். கையெழுத்து நமக்குத் தெரியும் என்பதால், தாள்களைப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் திருத்தட்டும். முன் தேர்வுத் தாளையும் பின் தேர்வுத் தாளையும் கலந்தே கொடுக்க வேண்டும். நானும் என் சக ஆசிரியை ஒருவரும் இப்படித்தான் மாற்றிக்கொள்கிறோம். கூடுதல் செலவு ஒன்றும் இல்லை.

மறைத்துத் திருத்தினாலும் தீராத பிழை ஒன்று உண்டு. குறைந்த மதிப்பெண் பெற்ற பத்துப் பேரைத் தேர்ந்து பயிற்சி அளிக்கிறோம். அந்தப் பத்தில் அன்று காய்ச்சலோடு வந்தவனும் இருப்பான், வினாவைத் தவறாகப் படித்தவளும் இருப்பாள். நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த தேர்வில் அவர்கள் மதிப்பெண் ஏறும். இதை உத்தியின் கணக்கில் எழுதாமலிருக்க ஒரே வழி கட்டுப்பாட்டுக் குழு. இருபது பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, பத்துப் பேருக்கு இந்த மாதமும் மீதிப் பத்துப் பேருக்கு அடுத்த மாதமும் பயிற்சி கொடுங்கள். யாருக்கும் பாடம் மறுக்கப்படவில்லை. முதல் மாத முடிவில் ஒப்பிட ஒரு குழுவும் கிடைக்கிறது. யார் எந்தக் குழு என்பதை நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது. ‘இவளுக்கு இது உதவும்’ என்று நினைத்து ஒரு பெயரை மாற்றினால்கூடக் குலுக்கல் கெட்டுவிடும்.

இரண்டு குழுவும் ஒரே அளவு முன்னேறியிருந்தால் அந்த அறிக்கையையும் அனுப்புங்கள். பயனளிக்காத உத்தி பற்றிய செயலாராய்ச்சி ஒன்றைக்கூட நான் இதுவரை படித்ததில்லை.